நாராவின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் மதுரைக்காரரா?

ஜப்பானின் நாரா நகரில் உள்ள பெரிய புத்தருக்குக் கண் திறந்து வைத்தவர் மதுரையிலிருந்து போன ஒரு பிராமணத் துறவி என்று ஒரு செய்தி சுற்றுகிறது, அது உண்மையா, உண்மையென்றால் ஜப்பான் பேரரசர் எதற்காக அத்தனை தூரத்து ஆளைக் கூப்பிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். துறவி உண்மை. தென்னிந்தியா என்பதும் பெரும்பாலும் உண்மை. மதுரை பிற்பாடு ஒட்டவைத்தது. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பது இரண்டாவது பாதி என்றுதான் எனக்குப் படுகிறது: ஒரு நாட்டின் மிகப் பெரிய அரசுச் சடங்கில் நடுநாயகமான வேலை ஓர் அந்நியர் கைக்கு எப்படிப் போனது? அதற்கு அந்த அரசவையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான் படித்தது ஜப்பானியக் கலை வரலாறு, அதிலும் எட்டாம் நூற்றாண்டுச் சிற்பங்களும் அவை பற்றிய கோயில் ஆவணங்களும். பௌத்த தத்துவத்துக்குள் போகிற இடங்களில் என் பேச்சைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஆளைப் பற்றி. அவர் பெயர் போதிசேனர், ஜப்பானிய உச்சரிப்பில் போதாய்சென்னா. 704ல் பிறந்தவர். சீனாவில் இருந்தபோது அங்கே வந்திருந்த ஜப்பானியத் தூதுக்குழு அழைத்ததால், அவர்களோடு கப்பலேறி 736ல் கியூஷு தீவின் தாசாய்ஃபுவுக்கு வந்து சேர்ந்தார். கூட வந்தவர்களில் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் தோசென் என்று ஜப்பானில் அறியப்படும் சீனத் துறவி. இன்னொருவர் புத்தெட்சு, இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டுக்காரர். தலைநகர் நாராவில் தாய்அன்ஜி என்ற மடத்தில் போதிசேனரைத் தங்கவைத்தார்கள். 751ல் அவருக்கு ‘சோஜோ’ பட்டம் கிடைத்தது. துறவியரை நிர்வகிக்கும் அரசுப் பதவிகளில் மிக உயர்ந்தவற்றுள் அது ஒன்று. அடுத்த ஆண்டு, அவர்கள் நாட்காட்டிப்படி நாலாம் மாதம் 9ஆம் நாள், தோதாய்ஜி கோயிலில் வைரோசன புத்தரின் வெண்கலச் சிலைக்குக் கண் திறந்தார். 760ல் இறந்தார். இதுவரை சொன்னதில் பெரிய சர்ச்சை கிடையாது. 797ல் முடிக்கப்பட்ட ‘ஷோகு நிஹோங்கி’ என்ற அரசவை வரலாறும் கோயில் ஆவணங்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

அவர் ஊரைப் பற்றி நமக்கு இருக்கும் நல்ல சாட்சி ஒருவர்தான்: அவருடைய நேரடிச் சீடர் ஷூயெய். குரு இறந்து பத்து ஆண்டு கழித்து, 770ல், ஷூயெய் ஒரு புகழுரைக் கல்வெட்டு வாசகம் எழுதினார். அதன் தலைப்பிலேயே ‘தென்னிந்திய பிராமணர்’ என்று வருகிறது. குலப்பெயராகக் கொடுத்திருக்கும் சீன எழுத்துகளை அறிஞர்கள் ‘பரத்வாஜர்’ என்று வாசிக்கிறார்கள். கூடவே பழகிய ஒருவர் எழுதியது என்பதால் இதற்கு எடை உண்டு. ஆனால் இந்த வாசகத்தில் ஊர்ப் பெயர் கிடையாது. சீனர்கள் இந்தியாவை நடு, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று ஐந்தாகப் பிரித்துப் பேசினார்கள், அந்தக் கணக்கில் ‘தெற்கு’ என்பது தக்காணத்தின் பெரும் பகுதியையும் உள்ளடக்கும். காஞ்சியாக இருக்கலாம், பாண்டிய நாடாக இருக்கலாம், ஆந்திரமாகவோ கன்னட நாடாகவோகூட இருக்கலாம். எட்டாம் நூற்றாண்டுச் சான்று எதிலும் மதுரை இல்லை. அவர் தாய்மொழி தமிழ் என்று சொல்வதற்கும் ஒரு வரி ஆதாரம் இல்லை. தமிழ்க் கரையிலிருந்து ஒருவர் அந்தக் காலத்தில் சீனா போவது நடக்கக்கூடிய காரியமா என்றால், தாராளமாக. பல்லவ அரசன் இரண்டாம் நரசிம்மவர்மன், நாம் ராஜசிம்மன் என்று சொல்பவன், 720ல் டாங் அரசவைக்குத் தூது அனுப்பியது சீன ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் ஒருவர் போயிருக்கக்கூடும் என்பது வேறு, இவர் அங்கிருந்துதான் போனார் என்பது வேறு.

சரி, இனி அந்தப் பேரரசர். ஷோமு என்று பெயர், ஆட்சிக்காலம் 724 முதல் 749 வரை. மனைவி கோம்யோ அன்றைய மிகச் செல்வாக்கான ஃபுஜிவாரா குடும்பத்துப் பெண். அரச வம்சத்தில் பிறக்காத ஒருவர் பட்டத்து அரசியாவது பெரிய விஷயமாகப் பேசப்பட்ட காலம் அது. 735ல் தாசாய்ஃபு பக்கம் பெரியம்மை தொடங்கியது. 737ல் அது தலைநகரைச் சூறையாடியது. அரசியின் அண்ணன்மார் நான்கு பேர், நால்வரும் ஆட்சியின் உச்சியில் இருந்தவர்கள், அந்த ஒரே ஆண்டில் செத்தார்கள். வரி ஆவணங்களை வைத்துக் கணக்குப் போடும் வரலாற்றாசிரியர்கள் நாட்டு மக்களில் நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அழிந்திருக்கலாம் என்கிறார்கள். இது மதிப்பீடுதான் என்றாலும் அழிவு அந்த அளவில் இருந்தது என்பதில் ஐயமில்லை. போதிசேனரின் கப்பல் 736ல் வந்து சேர்ந்தது இந்தக் கொள்ளைநோய்க்கு நட்ட நடுவில்தான்! பிறகு 740ல் கியூஷுவில் ஃபுஜிவாரா குடும்பத்துக்காரர் ஒருவரே கலகம் செய்தார். ஷோமு தலைநகரை விட்டுக் கிளம்பி, ஐந்து ஆண்டுகளுக்கு ஊர் ஊராகத் தலைநகரை மாற்றிக்கொண்டே இருந்தார். 745ல்தான் நாரா திரும்பினார்.

அரசர் செய்த தவறுக்கு வானம் தண்டனை தரும் என்பது சீனத்திலிருந்து வந்த அரசியல் கோட்பாடு. ஷோமு அதை நம்பினார், பஞ்சத்துக்கும் நோய்க்கும் தன் குறைபாடே காரணம் என்று அவரது ஆணைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதற்கு அவர் தேடிய பரிகாரம் பௌத்தம். பௌத்தம் அதற்கு முன்பே, ஆறாம் நூற்றாண்டின் நடுவில், கொரியாவின் பெக்சே அரசர் வழியாக யமாதோ அரசவைக்கு, அதாவது அன்றைய ஜப்பானிய அரசவைக்கு, வந்துவிட்டது. ஆண்டு 538 என்று ஒரு மரபும் 552 என்று இன்னொன்றும் சொல்கின்றன. அதை ஏற்கலாமா கூடாதா என்று குலங்களுக்குள் போரே நடந்து, 587ல் ஏற்கச் சொன்ன சோகா குலம் வென்றது. அந்தக் கதையை இங்கே விரிக்க வேண்டாம். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஷோமு காலத்தில் புத்தர் அரசாங்கத்தின் காவல் தெய்வம். 741ல் ஒவ்வொரு மாகாணத்திலும் 20 பேர் கொண்ட ஒரு துறவியர் மடமும் 10 பேர் கொண்ட ஒரு பெண் துறவியர் மடமும் கட்டவேண்டும் என்று ஆணை பிறந்தது. 743ல் பெரிய புத்தர் ஆணை. அதில் ஷோமு, நாட்டின் செல்வமும் அதிகாரமும் என்னிடம்தான் இருக்கின்றன, அதை வைத்தே சிலையைச் செய்துவிட முடியும், ஆனால் அப்படிச் செய்தால் அதில் உயிர் இருக்காது என்ற பொருளில் சொல்கிறார். ஒரு புல்லோ ஒரு பிடி மண்ணோ கொண்டுவந்து சேர விரும்புகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் உத்தரவிடுகிறார். ஆளும் பொருளும் திரட்டுவதற்கு அவர் நம்பியது கியோகி என்ற துறவியை. பாலமும் குளமும் கட்டிக்கொண்டு மக்களிடையே அலைந்த இந்த மனிதரை, அனுமதியில்லாமல் உபதேசம் செய்கிறார் என்று 717ல் இதே அரசாங்கம் கண்டித்திருந்தது. 745ல் அவருக்கே எல்லாருக்கும் மேலான ‘தாய்சோஜோ’ பதவியைக் கொடுத்தார்கள்.

ஏன் வைரோசனர்? 740ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. கவாச்சி மாகாணத்தில் மக்கள் தாங்களே சேர்ந்து எடுத்த ஒரு வைரோசனர் சிலையை ஷோமு கண்டார். அதே ஆண்டு, ரோபென் என்ற துறவியின் ஏற்பாட்டில், கொரியாவின் சில்லாவில் படித்த ஷின்ஜோ அவதம்சக சூத்திரம் என்ற மகாயான பௌத்த நூலைப் பாடம் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொன்றிலும் எல்லாம் அடக்கம், எல்லாவற்றின் நடுவிலும் ஒளியாக வைரோசனர் என்பது அந்தச் சூத்திரத்தின் பார்வை. மாகாணந்தோறும் மடம், நடுவில் தோதாய்ஜி என்று ஒரு பேரரசை நினைத்துப் பார்க்கிறவருக்கு இது எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் வாசகருக்காக ஓர் இடைச்செருகல்: அந்தச் சூத்திரத்தின் கடைசிப் பகுதியான கண்டவியூகத்தில், சுதனன் என்ற இளைஞன் ஞானம் தேடித் தெற்கு நோக்கி நடக்கிறான். வழியில் திராவிட நாட்டு நகரம் ஒன்றில் மேகன் என்ற ஆசிரியரைச் சந்திக்கிறான். சம்ஸ்கிருத மூலத்திலும் 80 சுருள் கொண்ட சீன மொழிபெயர்ப்பிலும் நாட்டின் பெயர் திராவிடம் என்றே இருக்கிறது. ஆக, அந்த அரசவையில் சூத்திரம் படித்தவர்களுக்குத் ‘தெற்கு’ என்பது வெறும் திசையாக இருந்திருக்காது. இதனால்தான் போதிசேனரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அப்படி எந்த ஆவணமும் சொல்லவில்லை.

சிலை வேலை 747ல் தொடங்கி, கீழிருந்து மேலாக எட்டுக் கட்டங்களாக வார்த்து 749ல் ஒருவழியாக நின்றது. ஏறத்தாழ 16 மீட்டர் உயரம், சுமார் 500 டன் செம்பு. கோயில் பதிவேடு வேலையாட்கள் என்று 26 லட்சத்தைக் காட்டுகிறது. இது தலைகளின் எண்ணிக்கையாக இருக்க முடியாது, ஒருவர் ஒருநாள் செய்த வேலையை ஒன்றாகக் கணக்கிட்டிருப்பார்கள் என்றே கொள்கிறோம். வேலைக்குத் தலைமை தாங்கிய குனினாகா நோ கிமிமாரோ ஒரு பெக்சே அகதியின் பேரன். பூசுவதற்குப் பொன் போதவில்லை என்று அரசவை கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, 749ல் வடக்கே முத்சு மாகாணத்தில் தங்கம் கிடைத்தது. 900 ரியோ, அதாவது கிட்டத்தட்ட 13 கிலோ. அதை அனுப்பிவைத்த மாகாண ஆளுநரும் பெக்சே அரச வம்சத்தவர். ஷோமு மகிழ்ச்சியில் ஆண்டின் பெயரையே மாற்றினார், புத்தர் முன் நின்று தன்னை மும்மணிகளின் (புத்தர், தர்மம், சங்கம்) அடிமை என்று அறிவித்துக்கொண்டார். சூரிய தேவதையின் வழித்தோன்றலாகக் கருதப்பட்ட ஓர் அரசர் அப்படிச் சொல்வது சிறிய சங்கதி அல்ல. பழைய தெய்வங்கள் ஒதுங்கிப் போய்விடவும் இல்லை. கியூஷுவின் உசாவிலிருந்து ஹாச்சிமான் தெய்வம் சிலை வேலைக்குத் துணைசெய்வதாக வாக்குக் கொடுத்தது. அதே 749ல் தெய்வத்தின் சார்பில் பெண் பூசாரி ஒருவர், அரசருக்கு உரிய ஊதா நிறப் பல்லக்கில் தோதாய்ஜிக்குள் வந்தார். அவர் பௌத்தப் பெண் துறவியாகவும் இருந்தார். ஷிண்டோ என்ற பழைய தெய்வ வழிபாடு வேறு, பௌத்தம் வேறு என்று கோடு கிழிப்பது பிற்காலத்து வேலை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேராக வரலாம். கண் வரைய வேண்டியவர் முறைப்படி ஷோமுதான். நம் கோயில்களில் ஸ்தபதி கண் திறப்பதுபோல இங்கே சிற்பி செய்கிற காரியம் இல்லை இது, சிலை எடுக்க வேண்டிக்கொண்ட அரசரே செய்யவேண்டியது. ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லை, 749லேயே பட்டத்தை மகள் கோக்கெனிடம் ஒப்படைத்திருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொகுத்த தோதாய்ஜி ஆவணத் தொகுப்பில் ஷோமு பெயரில் ஒரு கடிதம் இருக்கிறது. என் உடல் தளர்ந்துவிட்டது, எழுந்து நடமாட முடியவில்லை, எனக்குப் பதிலாகத் தூரிகை பிடிக்கத் தகுந்தவர் நீங்கள் ஒருவரே என்று போதிசேனரை அழைக்கிறது அந்தக் கடிதம். தொகுப்பு பிற்காலத்தது, ஆனாலும் பழைய தாளைப் பார்த்துப் படியெடுத்தது என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள், நானும் அப்படித்தான். ஆக அவர் அரசரின் பிரதிநிதியாக நின்றார். அந்த இடத்துக்கு ஓர் உள்ளூர்த் துறவியைப் போட்டால் எந்த மடம், எந்தக் குரு என்ற போட்டி வரும். கியோகி இருந்திருந்தால் ஒருவேளை அவராக இருந்திருக்கலாம், அவர் 749ல் போய்விட்டார். புத்தர் பிறந்த நாட்டிலிருந்து வந்தவர் என்றால் யாரும் வாய் திறக்க முடியாது. கடைசி மூன்று வரிகள் என் ஊகம், ஆவணம் இல்லை.

அன்றைய நாள் எப்படி இருந்தது என்பது நன்றாகவே தெரியும். பத்தாயிரம் துறவிகளை அழைத்ததாக அரசவை வரலாறு எழுதுகிறது. பௌத்தம் கிழக்கே வந்ததிலிருந்து இப்படியொரு விழா நடந்ததில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறது. போதிசேனர் கையிலிருந்த பெரிய தூரிகையில் நீலப் பட்டுக் கயிறு கட்டி, அதன் மறுபக்கத்தை ஷோமுவும் கோம்யோவும் கோக்கெனும் அரசவையினரும் பிடித்துக்கொண்டார்கள், வரைகிற புண்ணியம் கயிறு வழியாக எல்லாருக்கும் சேரட்டும் என்று. இதை வெறும் கதை என்று தள்ள முடியாது. அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தத் தூரிகையும் சுமார் 198 மீட்டர் நீளமுள்ள கயிறும் தோதாய்ஜிக்குப் பின்னாலுள்ள ஷோசோயின் களஞ்சியத்தில் இன்றும் இருக்கின்றன. 1180ல் போரில் கோயில் எரிந்து, 1185ல் மறுபடி கண் திறந்தபோது, துறவியாகிவிட்ட முன்னாள் பேரரசர் கோஷிராகாவா இதே தூரிகையை எடுத்துத் தானே வரைந்தார். தூரிகையின் தண்டிலேயே அந்தக் குறிப்பு இருக்கிறது. விழாவில் சூத்திரம் விளக்கியவர் ரியூசோன் என்ற ஜப்பானியர், வேண்டுதல் வாசித்தவர் போதிசேனரோடு கப்பலில் வந்த தோசென். இதில் வேடிக்கை, சிலை அப்போது முடியவே இல்லை. பொன் பூச்சு பாதியில் நின்றது, பின்னாலுள்ள ஒளிவட்டம் 771ல்தான் முடிந்தது. ஷோமு 756ல் இறந்ததை வைத்துப் பார்த்தால் அவசரத்துக்குக் காரணம் புரிகிறது.

பிறகு ஆட்டமும் பாட்டும். ஜப்பானின் பழைய குல நடனங்கள், சீன இசை, கொரிய இசை, சம்பா இசை என்று வரிசை கட்டின. உலகத்தில் தங்களுக்குத் தெரிந்த திசையெல்லாம் அந்த முற்றத்தில் வந்து நிற்கவேண்டும் என்று அரசவை விரும்பியது, எனக்கு இந்த விழாவில் முக்கியமாகப் படுவது அதுதான். சம்பா இசையை ஜப்பானுக்குக் கற்றுக்கொடுத்தது புத்தெட்சுவும் போதிசேனரும் என்று பிற்கால இசை நூல்கள் சொல்கின்றன. குழந்தைகள் சிறகு கட்டி ஆடும் ‘காரியோபின்’ நடனம் இந்த மரபில் வந்ததாக இன்றும் அரசவை இசைக்குழுவினர் சொல்வார்கள். சம்பா இசை என்ற வகை அன்றைக்கு இருந்தது உறுதி. எந்தெந்த நடனத்தை இந்த இருவர் கொண்டுவந்தார்கள் என்பது மரபுச் செய்திதான். ‘கிகாகு’ என்ற முகமூடி ஊர்வலக் கூத்தும் நடந்தது. அதன் முகமூடிகள் நூற்றுக்கு மேல் பிழைத்திருக்கின்றன, சிலவற்றின் உள்பக்கம் 752 விழாத் தேதி மையால் எழுதப்பட்டிருக்கிறது. கிகாகு பாத்திரங்களில் கருடன் உண்டு, குடிகாரப் பாரசீக ராஜா உண்டு, ‘பராமோன்’ என்ற கிழட்டு பிராமணரும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல் ஒன்று சொல்வதை நம்பினால், அந்த பிராமணர் வேடத்துக்காரர் குழந்தைத் துணி துவைப்பதுபோல நடித்துச் சிரிக்கவைப்பார். அசல் பிராமணத் துறவி அரசர் இடத்தில் நிற்க, சற்றுத் தள்ளி நகைச்சுவை பிராமணர் துணி துவைத்திருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு அந்த அரசவையின் மேல் கொஞ்சம் பிரியமே வருகிறது.

எல்லாருக்கும் இது இனித்ததா என்றால் இல்லை. 757ல் ஆட்சிக்கு எதிராகச் சதி செய்து பிடிபட்ட தாச்சிபானா நோ நாரமாரோ, விசாரணையில் தோதாய்ஜி கட்டியதால் மக்கள் துன்பப்படுகிறார்கள் என்று சொன்னது அரசவை வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. தான் தப்பிக்கச் சொன்னதாகவே இருக்கட்டும், அப்படிச் சொன்னால் எடுபடும் என்று அவர் நினைத்தார் அல்லவா.

ஷோமு இறந்து 49ஆம் நாள் கோம்யோ அவருடைய பொருள்களை, அறுநூறுக்கும் மேற்பட்டவற்றை, பட்டியல் எழுதிப் பெரிய புத்தருக்குக் காணிக்கையாக்கினார். ஷோசோயின் களஞ்சியம் அப்படித்தான் தொடங்கியது. நீங்கள் தொலைதூரத் தொடர்புகளைத் தேடுகிறவர் என்றால் ஒரு துறவியின் ஊர்ப்பெயரைவிட இந்தப் பொருள்களிடம் கேட்பது பலன் தரும். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து பீவா என்ற தந்தி வாத்தியத்தை மீட்டுகிறவனைச் சிப்பி பதித்துக் காட்டும் ஐந்து தந்தி பீவா ஒன்று இருக்கிறது, அந்தப் பழைய வகையில் உலகில் மிஞ்சியது அது ஒன்றுதான். மருந்துப் பட்டியலில் மிளகு இருக்கிறது. மிளகு முக்கியமாக விளைந்த இடம் கேரளக் கரை என்பதால், ஏதோ ஒரு வழியாக நம் பக்கத்துச் சரக்கு நாரா அரண்மனை வரை போயிருக்கலாம். வழியும் ஓரளவு தெரியும். ஹோர்யூஜி கோயிலில் இருந்த இரண்டு சந்தனக் கட்டைகளில் பாரசீகப் பஹ்லவி எழுத்தும், நடு ஆசிய வணிகர்களான சோக்தியரின் எழுத்தில் குத்துமுத்திரையும், 761ஆம் ஆண்டைக் குறிக்கும் மை எழுத்தும் இருக்கின்றன. அதாவது பல வியாபாரிகளின் கை மாறி வந்த மரம். கொரியா வழியும் உண்டு. 752ல் சில்லாவிலிருந்து பெரிய தூதுக்குழு ஒன்று சரக்கோடு வந்தது, எனக்கு இன்னின்ன வாசனைப் பொருளும் மருந்தும் சாயமும் வேண்டும் என்று நாரா பிரபுக்கள் எழுதிக்கொடுத்த தாள்கள் பிழைத்திருக்கின்றன. அவை பிழைத்த விதம் அழகு: மரத்தடிப் பெண்களை வரைந்த ஒரு மடிப்புத் திரைக்கு முட்டுக் காகிதமாக ஒட்டிவிட்டார்கள். அந்தத் திரையைப் பார்த்தால் சீனச் சரக்கு என்று சத்தியம் செய்வீர்கள், ஆனால் அதில் ஒட்டியிருந்த இறகு ஜப்பானில் மட்டும் வாழும் காட்டுக்கோழி இனத்துடையது. நாராவிலேயே செய்தது.

உங்கள் செய்தியின் அடியில் இன்னும் சில வரிகள் இருந்தனவே, ஜப்பானில் சரஸ்வதி, பிரம்மா, இந்திரன் வழிபாடு, அகரவரிசை எல்லாம் இவர் கொண்டுபோனவை என்று. தெய்வங்கள் விஷயத்தில் ஆண்டுகளே இதை மறுத்துவிடும். கோஃபுகுஜி கோயிலின் புகழ்பெற்ற அசுரர் சிலை, மூன்று முகமும் ஆறு கையுமாகத் துணியில் அரக்குப் பூசிச் செய்தது, கோம்யோ தன் தாய்க்காக எடுத்தது. அது 734ஐச் சேர்ந்தது, போதிசேனர் வருவதற்கு முந்தியது. சரஸ்வதியும் பிரம்மாவும் இந்திரனும் சீனத்தில் மொழிபெயர்ந்த சூத்திரங்கள் வழியாக, முக்கியமாக சுவர்ணப்பிரபாச சூத்திரம் வழியாக, ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தார்கள். ஜப்பானிய எழுத்துகளின் அ, இ, உ வரிசை சம்ஸ்கிருத எழுத்துப் படிப்பிலிருந்து வந்தது என்பது சரிதான். ஆனால் அப்படி வரிசைப்படுத்திய பழைய ஏடுகள் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, போதிசேனரோடு முடிச்சுப் போட எதுவும் இல்லை. தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்ற கருத்தையும் சிலர் இதோடு கலக்கிறார்கள். அதை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை, ஏற்றாலும் எட்டாம் நூற்றாண்டுத் துறவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போதிசேனரும் கியோகியும் முதல் சந்திப்பிலேயே ஜப்பானியக் கவிதையில் பேசிக்கொண்டார்கள் என்ற கதை நன்றாக இருக்கும், ஆனால் கதை. இருவரும், ஷோமுவும், ரோபெனும் சேர்ந்து ‘நான்கு புனிதர்கள்’ என்று தோதாய்ஜியில் வணங்கப்பட்டார்கள்.

நேரில் போய்ப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். போதிசேனர் கண் வரைந்த முகம் இப்போது இல்லை. 1567ல் மறுபடி போர், மறுபடி தீ, தலை விழுந்தது. இன்றுள்ள தலை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வார்த்தது, மண்டபம் 1709ல் முடிந்தது. எட்டாம் நூற்றாண்டு வேலையைக் காண வேண்டுமென்றால் பீடத்துத் தாமரை இதழ்களைப் பாருங்கள், வைரோசனரின் உலகங்களைக் கோடுகளாகக் கீறியிருக்கும் சில இதழ்கள் பழையவை. ஷோசோயின் பொருள்களில் சிலவற்றை மட்டும் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பார்கள், எவை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நகரின் மேற்கே ரியோசென்ஜி கோயிலில் போதிசேனரின் சமாதி என்று ஓர் இடம் காட்டுவார்கள்.

தமிழ்நாட்டு ஊர் ஒன்றை ஜப்பானிய பௌத்தத்தில் தேடியே தீர வேண்டும் என்றால், நான் மதுரையை விட்டுவிட்டுக் காஞ்சியைத் தேடுவேன், போதிசேனரை விட்டுவிட்டு வஜ்ரபோதி என்ற பௌத்த ஆசிரியரை. 671ல் பிறந்த இவர் 720ஐ ஒட்டிச் சீனா போய்ச் சேர்ந்தார், 741ல் இறந்தார். இவருடைய சீனச் சரிதைகள் பிறப்பு பற்றி ஒத்துப்போகவில்லை. ஒன்று தென்னிந்தியாவின் மலய நாட்டு பிராமணர் என்கிறது, இன்னொன்று நடு இந்திய அரசகுமாரர் என்கிறது. ஆனால் காஞ்சி அரசரோடு அவருக்கிருந்த தொடர்பு அந்தச் சரிதைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருக்குச் சீடர் ஹுய்குவோ, அவரிடம் சீனத்தில் பாடம் கேட்டவர் கூகாய். 806ல் ஊர் திரும்பி ஷிங்கோன் என்ற தாந்திரிக பௌத்த மரபைத் தொடங்கிய கூகாய், தன் குருமார் ஐவரின் படங்களைச் சீன ஓவியர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஐவரில் வஜ்ரபோதியும் ஒருவர், படங்கள் கியோத்தோவின் தோஜி கோயிலில் இருக்கின்றன.